பைனாகுலரையும் ஸ்கோப்பையும் ஒரே டிரைபாடில் பூட்டலாமா? ஜெராம் கரையில் பறவை பார்க்க, படம் பிடிக்க

கேள்வி: தமிழ்ப்பள்ளி டீச்சர், பெஸ்தாரி ஜெயா

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயாவில், பழைய பேர் சொன்னால்தான் பாதிப் பேருக்குத் தெரியும், பத்தாங் பெர்ஜுந்தையில், படித்துக் கொடுக்கிறேன். ஐந்தாம் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளில் ஆர்வம் உள்ளவர்களை வசதிப்படும்போது ஜெராம் கடற்கரைக்குக் கூட்டிப் போகிறேன். தோட்டத்துப் பிள்ளைகள். எலி பிடிக்கச் செம்பனைத் தோட்டத்துக்குள் வைத்திருக்கிற ஆந்தைப் பெட்டி எந்தெந்த வரிசையில் இருக்கிறது என்று என்னைவிட அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனால் கடல் வற்றியதும் அந்தச் சேற்றில் வந்து இறங்கும் உள்ளான்களும் மூக்கன்களும் குதிரைமலைக்கோட்டான்களும், இந்தக் கரைப்பறவைகள் எல்லாம் அவர்களுக்குப் புதிது. சைபீரியாவில் இருந்து பறந்து வந்து நம் வீட்டுப் பக்கத்துச் சேற்றில் சாப்பிடுகிறது என்று சொன்னால் கண் விரிகிறது.

சங்கடம் எங்கே என்றால், என்னிடம் 8×42 பைனாகுலர் ஒன்று (8 மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடி 42 மி.மீ.), 20-60×80 ஸ்கோப் ஒன்று (ஒற்றைக் கண்ணால் பார்க்கும் தொலைநோக்கி, 20 முதல் 60 மடங்கு, முன் கண்ணாடி 80 மி.மீ.) இருக்கிறது. ஸ்கோப்பின் கண்பக்கம் 45 டிகிரி மேலே வளைந்திருக்கும். ஒரு பிள்ளை பைனாகுலரில், "டீச்சர், அங்கே பெரிய மூக்கு உள்ளது ஒன்று!" என்கிறது. நான் ஸ்கோப்பைத் திருப்பி, அந்தப் பறவையைத் தேடிப் பிடிப்பதற்குள் அது நூறு பறவைகளுக்கு நடுவே கலந்துவிடுகிறது. எதைப் பார்த்தோம் என்று சொல்ல முடியாமல் பிள்ளைகள் குறிப்பேட்டில் வெறும் கோடு போட்டுவிட்டு வருகிறார்கள். எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

வெளிநாட்டில் துப்பாக்கி சுடுகிறவர்கள் ஒரே டிரைபாடில் ஒரு பட்டை போட்டு, ஒரு பக்கம் பைனாகுலர், மறுபக்கம் ஸ்கோப் வைத்திருக்கும் படம் பார்த்தேன். அதே மாதிரி செய்தால் பைனாகுலரில் தேடி, அப்படியே கண்ணை மாற்றி ஸ்கோப்பில் பார்க்கலாம் அல்லவா? ஸ்கோப்பில் கைப்பேசி மாட்டிப் படமும் எடுத்தால், வகுப்பில் போட்டுக் காட்டலாம். என் டிரைபாட் சாதாரண அலுமினியம், மேலே உருண்டைத் தலை. கையில் 200 வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும் இருக்கிறது. கடையில் விற்கிற இரட்டைப் பட்டையை வாங்குவதா, இங்கேயே பட்டறையில் செய்வதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: ஆலை பிட்டர், புக்கிட் ரோத்தான் பக்கம்

டீச்சர், வணக்கம். செம்பனை எண்ணெய் ஆலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஜெராம் கரையில் பல வருஷமாகப் பறவை பார்க்கிறேன். நீங்கள் கேட்கிற மாதிரி ஒன்றைச் செய்து வைத்துப் பயன்படுத்துகிறேன். தாராளமாகச் செய்யலாம், பட்டறையிலேயே செய்யலாம். ஆனால் பட்டை முக்கியம் இல்லை. இரண்டும் ஒரே புள்ளியைப் பார்க்கவேண்டும். அதுதான் முழு வேலை. அது இல்லாவிட்டால் எத்தனை விலைப் பட்டை வாங்கினாலும் நீங்கள் முன்பு போலவே தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ஏன் என்று சொல்கிறேன். உங்கள் 8×42-இல் 1000 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 130 மீட்டர் அகலம் தெரியும். ஸ்கோப்பை 20 மடங்கில் வைத்தால் அதே தூரத்தில் 35 மீட்டர்தான். மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும். ஜெராமில் பறவைகள் 400 மீட்டரில் நிற்கின்றன என்று வையுங்கள். பைனாகுலர் வட்டம் 52 மீட்டர், ஸ்கோப் வட்டம் 14 மீட்டர். இரண்டுக்கும் நடுவே ஒரு டிகிரி பிசகு இருந்தால் 400 மீட்டரில் அது 7 மீட்டர். ஸ்கோப் வட்டத்தின் நடுவில் இருந்து ஓரம் வரைக்கும் அதே 7 மீட்டர்தானே! பைனாகுலரில் நட்ட நடுவில் நிற்கும் பறவை ஸ்கோப்பில் விளிம்பில் ஓடிவிடும். 60 மடங்குக்குப் போனால் கேட்கவே வேண்டாம்.

பக்கவாட்டில் தள்ளி வைக்கிறோமே, அது பாதிக்காதா என்று சிலர் கேட்பார்கள். பாதிக்காது. 24 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் எவ்வளவு தூரத்திலும் அந்த 24 சென்டிமீட்டர்தான். குதிரைமலைக்கோட்டானின் உடம்பே அதைவிட நீளம். கோணம்தான் எதிரி, இடைவெளி இல்லை.

இப்போது பட்டை. 6 மி.மீ. கனம், 50 மி.மீ. அகலம் உள்ள அலுமினியத் தகடு போதும். ஹார்ட்வேர் கடையிலோ அலுமினியக் கதவு செய்கிறவர்களிடமோ வெட்டுத் துண்டு கிடைக்கும். நடுவில் டிரைபாட் தலை வரும் இடத்தில் இரண்டு போல்ட் போடுங்கள், ஒன்று வேண்டாம். ஒரே போல்ட்டில் நிற்கும் பட்டை பாரத்தில் மெல்ல மெல்லத் திரும்பும், கண்ணுக்குத் தெரியாது. ஸ்கோப்பின் பாதத்தில் திருகு ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குழி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பட்டையில் அதற்கு ஒரு முளை வைத்துவிட்டால் ஸ்கோப்பும் திரும்பாது.

பாரத்தைச் சமன் செய்வது கடினம் இல்லை. உங்கள் ஸ்கோப் 1.8 கிலோ, பைனாகுலர் அதன் தாங்கியோடு 0.9 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கனமானது நடுவுக்குக் கிட்டே, லேசானது தள்ளி. 24 சென்டிமீட்டரில் ஸ்கோப் நடுவில் இருந்து 8, பைனாகுலர் 16. பெருக்கிப் பாருங்கள், இரண்டு பக்கமும் 14.4 வரும். உங்களுடையதை மார்க்கெட் தராசில் நிறுத்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

உருண்டைத் தலையைத்தான் நான் மாற்றச் சொல்வேன். உங்கள் 200 வெள்ளியில் பெரும்பங்கு அதற்குப் போகட்டும். உருண்டைத் தலை எல்லாப் பக்கமும் சாயும். இரண்டு பாரம் அகலமாக உட்கார்ந்த பட்டையை அதில் வைத்துத் தளர்த்தினால் ஒரு பக்கமாகக் கவிழப் பார்க்கும். பிள்ளைகள் பக்கத்தில் நிற்கும்போது அது ஆபத்து. வீடியோ எடுக்கிறவர்கள் வைத்திருக்கும் தலை, மேலும் கீழும், இடமும் வலமும் மட்டும் அசைகிற மாதிரி, எண்ணெய்ப் பிடிப்போடு இருப்பது, அதுதான் வேண்டும். பழையது நல்லதாகக் கிடைத்தாலும் வாங்குங்கள்.

பதில்: சுடுதளத்துக்காரன், ஷா ஆலம்

டீச்சர் பார்த்த படம் நீண்ட தூரம் சுடுகிறவர்களுடையது. அவர்கள் ஏன் இரண்டையும் சேர்த்து வைக்கிறார்கள் என்று தெரிந்தால் உங்களுக்கும் உதவும். நான் உரிமத்தோடு கிளப்பில் சுடுகிறவன், 50 மீட்டர். நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கியைத் தொட முடியாது என்பதால் நம்மில் இது தெரிந்தவர்கள் குறைவு.

50 மீட்டரில் .22 அங்குலக் குண்டு போடும் ஓட்டை 5.6 மி.மீ. அதைப் பார்க்க ஸ்கோப் மட்டும் போதும், பைனாகுலர் வேண்டாம். ஏனென்றால் குறி எங்கே என்று தெரியும். ஸ்கோப், சுடுகிறவர் படுக்கும் பாயின் பக்கத்திலேயே தனிக் கம்பியில் நிற்கும், படுத்த நிலையை மாற்றாமல் கண்ணை மட்டும் கொண்டுபோனால் போதும்.

ஆனால் ஒரு கிலோமீட்டர் சுடுகிறவர்கள் கதை வேறு. அவர்களுக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து குண்டு எங்கே விழுந்தது என்று சொல்வார். சுடுகிறவரின் பின்னால், குழாய்க்கு நேர்க்கோட்டில் உட்காருவார். முதல் குண்டு குறியை விட்டு வெகுதூரம் போய்விட்டால் ஸ்கோப்பின் சின்ன வட்டத்துக்குள் அது தெரியவே தெரியாது. மண் எழும்புவது அகலமான பைனாகுலரில்தான் தெரியும். குறிக்குக் கிட்டே வந்த பிறகு ஸ்கோப். தேட ஒன்று, தெரிந்துகொள்ள ஒன்று. உங்கள் பிள்ளைகளுக்கும் அதே தேவைதான்.

அவர்களிடம் இருந்து எடுத்துக்கொள்ள இன்னொன்று, கானல். ஸ்கோப்பைக் குறிக்குக் கொஞ்சம் முன்னால் போக்கஸ் செய்து, காற்று அலையலையாக எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, காற்றைக் கணிப்பார்கள். அவர்களுக்கு அது நண்பன். பறவை பார்க்கிறவர்களுக்கு அது எதிரி. வெயில் ஏறிய பிறகு சேற்றின் மேல் காற்று கொதிக்கும்போது 60 மடங்கில் வைத்தால் பறவையும் சேர்ந்து கொதிக்கும். அந்த நேரத்தில் 25, 30 மடங்கில் நிறுத்துங்கள். பெரிதாக்கினால் கானலும் பெரிதாகும்.

பெரியவர் சொன்ன தலை சரி. அதோடு ஒன்று சேர்க்கிறேன்: டிரைபாடின் நடுத்தண்டை ஏற்றாதீர்கள். உயரம் வேண்டுமென்றால் காலை நீட்டுங்கள், அதுவும் தடித்த பகுதியை முதலில்.

கேள்வி கேட்டவர்

இரண்டு பேருக்கும் நன்றி. ஐயா, நீங்கள் சொன்ன கணக்கை ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் கொடுத்தேன், 14.4-ஐ அவர்களே கண்டுபிடித்தார்கள். எனக்கு இன்னும் சில சந்தேகம் இருக்கிறது.

பைனாகுலரை எதில் பூட்டுவது? அதன் அடியில் ஓட்டை எதுவும் இல்லை. அப்புறம், இரண்டையும் ஒரே புள்ளிக்குக் கொண்டுவருவது எப்படி? இன்னொன்று உயரம். ஸ்கோப்பில் குனிந்து பார்க்கவேண்டும், பைனாகுலரில் நேராகப் பார்க்கவேண்டும். பிள்ளைகளில் சிலர் என் தோள் உயரம், சிலர் இடுப்புக்குக் கொஞ்சம் மேல். ஒரு பிள்ளை பைனாகுலரிலும் இன்னொரு பிள்ளை ஸ்கோப்பிலும் ஒரே நேரத்தில் பார்க்கலாமா?

பதில்: ஆலை பிட்டர்

அடியில் இருக்காது டீச்சர். பைனாகுலரைப் பெரிய கண்ணாடி உங்களைப் பார்க்கிற மாதிரி திருப்புங்கள். இரண்டு குழாயையும் சேர்க்கிற கீல் நடுவில் இருக்கிறதே, அதன் முனையில் ஒரு சின்ன மூடி இருக்கும். பல பிராண்டுகளில் அது திருகு மூடி, சிலதில் பிடுங்குகிற மூடி. அதைக் கழற்றினால் உள்ளே கால் அங்குலத் திருகு ஓட்டை. அதில் பூட்ட எல் வடிவத் தாங்கி விற்கிறார்கள், விலையும் அதிகம் இல்லை. இரும்பாலானதை வாங்குங்கள், பிளாஸ்டிக் நடுங்கும். மூடி இல்லாத மாடலாக இருந்தால் கீலைச் சுற்றிப் பட்டையால் கட்டுகிற தாங்கியும் இருக்கிறது.

இந்த இடத்தில் ஒன்றைக் கட்டாயம் சொல்லவேண்டும். நம் ஹார்ட்வேர் கடையில் போல்ட் கேட்டால் எம்6 எடுத்துக் கொடுப்பார்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும். கேமரா, ஸ்கோப், பைனாகுலர் எல்லாம் கால் அங்குலம், ஓர் அங்குலத்துக்கு 20 சுற்று. கால் அங்குலம் 6.35 மி.மீ., எம்6 என்பது 6 மி.மீ., சுற்றின் இடைவெளியும் வேறு, 1.27-க்கு 1. எம்6 உள்ளே போகும், இரண்டு சுற்றுப் பிடித்த மாதிரி இருக்கும், பாரம் ஏறும்போது ஸ்கோப்பின் பல்லை அறுத்துவிடும். ஆகவே "கால் அங்குலம், 20 சுற்று" என்று சொல்லி வாங்கி, ஸ்கோப்பில் பூட்டும் முன்பு டிரைபாட் தகட்டின் திருகோடு பக்கத்தில் வைத்து, பல்லும் பல்லும் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஸ்கோப்புக்கும் பைனாகுலருக்கும் பட்டையில் போடும் ஓட்டை 6.5 மி.மீ. டிரில்லில். பைனாகுலர் பக்கம் மட்டும் ஓட்டையை ஒரு விரல் அகலத்துக்கு நீளமாக்கச் சொல்லுங்கள், தள்ளி நகர்த்த வசதியாக இருக்கும்.

ஒரே புள்ளிக்குக் கொண்டுவருவதை வீட்டிலோ பள்ளித் திடலிலோ செய்யுங்கள், கடற்கரையில் வேண்டாம். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் அசையாத ஒன்று வேண்டும். கைப்பேசிக் கோபுரத்தின் உச்சி விளக்கு நல்லது. ஸ்கோப்பை 20 மடங்கில் வைத்து விளக்கை நட்ட நடுவுக்குக் கொண்டுவந்து, தலையை இறுக்கிவிடுங்கள். இனி தலையைத் தொடக்கூடாது. பைனாகுலரில் வலது கண்ணை மட்டும் வைத்துப் பாருங்கள். விளக்கு இடமோ வலமோ தள்ளி இருந்தால் தாங்கியின் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி, தாங்கியைத் திருப்பி, மறுபடி இறுக்குங்கள். இறுக்கும்போது அதுவும் கொஞ்சம் திரும்பும், அதைக் கணக்கில் வைத்துத் திருப்பவேண்டும். பொறுமை வேண்டிய இடம் இது.

மேலே கீழே தள்ளி இருந்தால் தாங்கியின் அடியில் தகடு கொடுக்கவேண்டும். தாங்கியின் அடிப்பாகம் 40 மி.மீ. நீளம் என்றால், ஒரு முனையில் 0.7 மி.மீ. உயர்த்தினால் ஒரு டிகிரி சாயும். காலி குளிர்பான டின்னை வெட்டினால் தகடு ஏறக்குறைய 0.1 மி.மீ. கனம், ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கலாம். ஓரம் கூர்மையாக இருக்கும், பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். சரியாக வந்ததும் பட்டையிலும் தாங்கியிலும் குறுக்கே ஊசியால் ஒரு கோடு கீறிவிடுங்கள். கழற்றிப் பூட்டும்போது கோட்டோடு கோடு சேர்த்தால் போதும். சூரியன் பக்கம் மட்டும் எந்தக் காரணத்துக்கும் திருப்பாதீர்கள், பார்வை போய்விடும். இதைப் பிள்ளைகளுக்கு முதல் பாடமாகச் சொல்லுங்கள்.

உயரத்துக்கு என் பதில், உட்காருங்கள். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் காரில் போட்டுக்கொண்டு போங்கள். டிரைபாட் கால்களை முழுக்க நீட்டாமல் பிள்ளைகளின் கண் உயரத்துக்கு வையுங்கள். நீங்கள் உட்கார்ந்து பார்க்கலாம், அவர்கள் நின்று பார்க்கலாம். கால் குட்டையாக இருந்தால் காற்றிலும் ஆடாது.

ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகளா? ஆசை நியாயமானது, ஆனால் ஒரு பிள்ளை மூக்கை வைத்து அழுத்தினால் இன்னொரு பிள்ளையின் பறவை துள்ளும். 24 சென்டிமீட்டரில் இரண்டு தலையும் முட்டும். ஸ்கோப்பின் கழுத்தில் வளையம் இருக்கிறதா பாருங்கள். அதைத் தளர்த்தினால் ஸ்கோப்பை அப்படியே உருட்டி, கண்பக்கத்தை வெளிப்பக்கமாகச் சாய்க்கலாம். அப்போது ஸ்கோப் பிள்ளை பக்கவாட்டில் நிற்கும், பைனாகுலர் பிள்ளை பின்னால் நிற்கும். முட்டல் தீரும், ஆட்டம் தீராது. அதனால்தான் நீங்கள் சொன்ன கைப்பேசி யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. கைப்பேசி மூக்கை வைத்து அழுத்தாது.

பதில்: கோலசிலாங்கூர் பையன்

கைப்பேசியைப் பற்றி நான் சொல்கிறேன் டீச்சர், நான் ஸ்கோப் வழியாகத்தான் படம் எடுக்கிறேன்.

மாட்டியை வாங்கும்போது உங்கள் ஸ்கோப் கண்குழாயின் வெளி விட்டத்தை அளந்துகொண்டு போங்கள். கைப்பேசியில் இரண்டு மூன்று லென்ஸ் இருக்கும், முதன்மை லென்ஸை மட்டும் கண்குழாயின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். சுற்றிலும் கறுப்பு வட்டம் தெரியும். ஸ்கோப்பை ஏற்றாமல் 20 மடங்கிலேயே விட்டு, கைப்பேசியில் கொஞ்சம் பெரிதாக்கினால் வட்டம் போய்விடும். 20 மடங்கில் கண்குழாயில் இருந்து வரும் ஒளிவட்டம் 4 மி.மீ., 60 மடங்கில் 1.3 மி.மீ.தான், படம் இருண்டுவிடும்.

திரையில் விரலால் தட்டி எடுக்காதீர்கள், ஆடும். மூன்று விநாடி டைமர் வையுங்கள், அல்லது கம்பி உள்ள பழைய இயர்போன் இருந்தால் அதன் ஒலி கூட்டும் பொத்தான் பல கைப்பேசிகளில் படம் எடுக்கும். வீடியோவாக எடுத்து அதில் இருந்து ஒரு காட்சியைப் பிரித்தால் பறவை தலையைத் தூக்கிய நேரம் நிச்சயம் கிடைக்கும். மாட்டியும் கைப்பேசியும் சேர்ந்து ஸ்கோப்பின் பின்பக்கத்தைக் கனமாக்கும். அதனால் ஸ்கோப்பைக் கொஞ்சம் முன்னால் தள்ளிப் பூட்டுங்கள்.

இப்படிச் செய்தால் நீங்கள் பைனாகுலரில் பார்த்துப் பறவையை நடுவுக்குக் கொண்டுவருவீர்கள், பிள்ளைகள் எல்லாரும் திரையில் பார்ப்பார்கள். மூக்கனும் ஆசிய டௌவிச்சரும் ஒரே கூட்டத்தில் நிற்கும்போது தூரத்தில் ஒன்று போலவே இருக்கும். மூக்கனின் அலகு முகத்தை ஒட்டிய இடத்தில் இளஞ்சிவப்பாக இருக்கும், டௌவிச்சருக்கு முழுக்கக் கறுப்பு, நுனி கொஞ்சம் தடித்திருக்கும். பைனாகுலரில் இது தெரியாது. திரையில் பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொல்வார்கள்.

கேள்வி கேட்டவர்

மூடி கிடைத்தது! உள்ளே ஓட்டையும் இருக்கிறது. இத்தனை நாள் அதை பிராண்ட் சின்னம் என்று நினைத்துத் துடைத்து வைத்திருக்கிறார்கள் பிள்ளைகள். ஸ்கோப்பிலும் வளையம் இருக்கிறது. பட்டைக்கு எங்கள் மாணவர் ஒருவரின் அப்பா, மோட்டார் பட்டறை வைத்திருக்கிறவர், தகடு தருவதாகச் சொல்லியிருக்கிறார். வீடியோ தலை பழையது ஒன்றைக் கேட்டு வைத்திருக்கிறேன்.

சேற்றில் டிரைபாட் கால் புதைகிறதே, அதற்கு என்ன செய்கிறீர்கள்?

பதில்: ஆலை பிட்டர்

காலுக்கு ஒன்றாக மூன்று சிரட்டை, கவிழ்த்து வைத்து அழுத்துங்கள். கால் முனை நழுவாமல் இருக்க உச்சியில் ஒரு குழி தோண்டிக்கொள்ளுங்கள். பிளைவுட் துண்டும் சரி. ஆனால் கூடியவரை சேற்றில் இறங்காதீர்கள், கரையிலேயே நில்லுங்கள். பறவைகள் உங்களிடம் வரும். கடல் ஏறத் தொடங்கியதும் தண்ணீர் அவற்றைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டே வரும். உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு போய் உட்கார்ந்தால் 400 மீட்டர் 150 ஆகிவிடும். ஜெராம் மேற்குப் பார்த்த கரை, காலையில் வெயில் முதுகுப்பக்கம். மாலையில் நேர் முகத்தில் அடிக்கும், சூரியனும் வட்டத்துக்குள் வந்துவிடும். பிள்ளைகளோடு மாலையில் வேண்டாம். ஆகவே காலையில் ஏற்றம் வருகிற சனிக்கிழமையாகப் பார்த்து எடுங்கள், மார்ச் முடிவதற்குள். ஏப்ரலில் பெரும்பாலானவை வடக்கே கிளம்பிவிடும். மொட்டைத் தலைப் பெரிய நாரை, மலாய்க்காரர்கள் பூரோங் போத்தாக் என்பது, அது வருஷம் முழுக்க இங்கேயே இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் உப்புக் காற்று பட்ட இடத்தை ஈரத் துணியால் துடைத்துவிட்டு, இரண்டையும் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். ஈரப்பதம் 40-இல் இருந்து 50-க்குள் இருந்தால் கண்ணாடியில் பூஞ்சை வராது. பள்ளி அலமாரியில் வெறுமனே வைக்காதீர்கள்.

தகடு தயாரானதும் ஓட்டை போடும் முன்பு ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள். அளவைப் பார்த்துச் சொல்கிறேன். டிரைபாட் தலை வரும் நடு ஓட்டைகளில் திருகுப் பல் வெட்டப் பட்டறைக்காரரிடம் கால் அங்குல டேப் இல்லையென்றால் என்னிடம் இருக்கிறது, 5.1 மி.மீ. டிரில்லும் சேர்த்துக் கொண்டுவந்து தருகிறேன்.